பெர்னிஸ் அளந்த ரகசிய அறை

டெட்ராய்ட் நகரப் பேருந்தைக் காலமெல்லாம் ஓட்டி ஓய்வுபெற்ற பெர்னிஸ் வொய்டாலாவுக்கு வாய் மட்டும் ஓய்வுபெறவில்லை. சனி, ஞாயிறுகளில் ஒரு பழைய வண்டியில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு, நூறு வருஷத்துக்கு முந்தைய மதுவிலக்குக் காலத்து ஊரைச் சுற்றிக் காட்டுவாள். பாதி வரலாறு, மீதி அவளுடைய சொந்தச் சரக்கு.

அந்தச் சனிக்கிழமை டொலிடோ ஊர்த் தேவாலயப் பாடகர் குழு வந்திருந்தது. வங்கிக் கோபுரத்தின் உள்ளே மயில்கழுத்து நிற ஓடுகள் பதித்த வளைவுகளைப் பார்த்துச் சொக்கிப்போனார்கள். ஆற்றங்கரையில் பெர்னிஸ் கையை நீட்டினாள்.

“அதோ, எதிர்க்கரை கனடா. ஆறு உறைஞ்சதும் பனி மேலேயே கார்ல கள்ளச் சரக்கு வரும். ஓட்டுறவங்க கார்க் கதவைத் திறந்தே வச்சிருப்பாங்க. ஏன் சொல்லுங்க?”

“காத்து வாங்கவா?” என்றாள் குழுவில் மூத்தவளான மேவிஸ்.

“அந்தக் குளிர்லயா! பனி உடைஞ்சா குதிக்கணும்லம்மா!”

எல்லாரும் சிரித்தார்கள். பெர்னிஸின் நினைப்போ அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. கடைசி நிறுத்தம் கஸிமிரின் மதுக்கடை. திங்கட்கிழமை அது கைமாறுகிறது. வாங்குபவர் இடித்துவிட்டு வண்டி நிறுத்த இடம் போடப்போகிறார்.

“அம்மணி, கீழ அலமாரிக்குப் பின்னாடி ரகசிய அறை, அதுல பியானோன்னு இத்தனை வருஷமா அளக்குறீங்க. நானும் தள்ளித் தள்ளித் தோள்பட்டை போனதுதான் மிச்சம். நிஜமா ஒண்ணே ஒண்ணு காட்டுங்க, விக்கவே மாட்டேன்” என்று காலையில்தான் சொல்லியிருந்தான் கஸிமிர்.

கஸிமிர் கடையின் நிலவறையில் எல்லார் கையிலும் கோப்பை. வழக்கம்போல் பெர்னிஸ் விசிலை ஊதினாள். “போலீஸ்! ஒளிங்க!”

விசில் சத்தம் கேட்டதும் அவரவர் கோப்பையை மறைக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. ஒருவர் தொப்பிக்குள் மறைத்தார், ஒருவர் ஒரே மடக்கில் குடித்தே தீர்த்தார். மேவிஸ் கோப்பையைத் தன் கனத்த கம்பளிக் கோட்டுக்குள் சுருட்டி, அலமாரி ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்த கொக்கியில் மாட்டினாள்.

“கோட்டெல்லாம் மேல மாட்டணும்னு சொன்னேன்ல...” என்று கஸிமிர் வாயெடுப்பதற்குள், பாரம் தாங்காமல் கொக்கி கீழே இறங்கியது. உள்ளே எதுவோ ‘டொக்’கென்றது. அலமாரி முனகிக்கொண்டே இவர்களை நோக்கித் திறந்தது. காலமெல்லாம் தள்ளிய கதவு, இழுக்க வேண்டிய கதவு!

உள்ளே ஒரு குட்டி மதுக்கூடம். பித்தளைக் கைப்பிடி, கவிழ்த்துவைத்த கிண்ணங்கள், வளைந்த கூரை முழுக்க அதே மயில்கழுத்து ஓடுகள். பெர்னிஸின் வாயிலிருந்து விசில் நழுவி விழுந்தது. ஆயுளில் முதல்முறையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை.

கஸிமிர் ஓடுகளைத் தடவிப் பார்த்தான். தொலைபேசியை எடுத்தான். “சார், திங்கக்கிழமை வராதீங்க. கடை விக்கிறதுக்கில்ல.”

பாடகர் குழு போட்ட கூச்சலில் தூசி உதிர்ந்தது. மேவிஸ் மட்டும் மூலை மூலையாகத் தேடினாள்.

“எல்லாம் சரி பெர்னிஸ், பியானோ எங்க?”

பெர்னிஸுக்கு வாய் திரும்பிவிட்டது. “அதுவா? அடுத்த சுவத்துக்குப் பின்னாடி!”

மேவிஸ் கோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கொக்கியைத் தேடக் கிளம்பினாள்.