வேனில் வல்லினம் மிகும் இடம்

ஐம்பதுகளின் பிற்பகுதியில் நான் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய பஃபலோ ரோட்டில் ஒரு பலகாரக் கடையின் மாடியில் குடியிருந்தேன். பகலில் தமிழ்ப் பள்ளியொன்றில் இலக்கணம் கற்பித்தேன். காலையும் மாலையும் கீழே கடையில் உண்டேன். கடைக்காரர் என்னினும் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை வாத்தியாரே என்பார். எங்களுக்கிடையே இருந்த கருத்து வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது அவருடைய வேனின் இடப்பக்கத்தில், ஊரார் எல்லாரும் படிக்கும்படி எழுதப்பட்டிருந்தது.

அந்த வேன் முன்பு எங்கோ ரொட்டி சுமந்து ஓய்ந்தது. கரும்பச்சை நிறம். அதன் பக்கத் தகட்டின் மேற்பகுதியில், தகரத்தில் வெட்டி வெள்ளை பூசிய எழுத்துகளால் ‘பலகார கடை’ என்று அடித்திருந்தார். ரகரத்துக்கும் ககரத்துக்கும் இடையே வர வேண்டிய ‘க்’ என்ற ஒற்று இல்லை. அன்றன்று நான் கற்பித்த விதியை மறுத்துக்கொண்டு அந்த வேன் அன்றன்று பள்ளியைக் கடந்து போயிற்று. தேர்வில் வகுப்பில் பாதிப் பேர் அச்சொல்லை ஒற்றின்றி எழுதினர். காரணம் கேட்டபோது வேனைச் சான்று காட்டினர்.

எட்டு மாதம் முறையிட்டேன். ஒற்று இல்லாவிட்டால் இட்டிலி வேகாதா என்று அண்ணன் கேட்டார். இறுதியில், தொல்லை பொறுக்காமல், எல்லாம் உங்கள் பொறுப்பு என்று வேனை என்னிடம் விட்டார். ரோவல் ரோட்டில் இருந்த சீனத் தகரக்காரரிடம் எழுத்தை வரைந்து கொடுத்தேன். ககரத்தை அழகாக வெட்டி இடைவெளியில் அடித்துவிட்டார். புள்ளிதான் இடர் தந்தது. அவ்வளவு சிறிய தகரத்துண்டில் இரண்டு ஆணி அடிக்க இடமில்லை. அவர் சற்று யோசித்துவிட்டு, டப்பாவைக் கிளறி, உருண்டைத் தலையுள்ள பித்தளைத் திருகாணி ஒன்றை எடுத்துக் காட்டினார். ஆணியின் தலையே புள்ளி. அளவிலும் வடிவிலும் அதனினும் சிறந்த புள்ளியை நான் அச்சிலும் கண்டதில்லை. அவர் அதை எழுத்தின் உச்சியில் முழுதாகத் திருகி ஏற்றினார். நான் சாலையின் எதிர்ப்புறம் போய் நின்று மூன்று முறை படித்தேன்.

அடுத்த வாரமே அண்ணனுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. நகரின் மேற்கே உள்ள மருத்துவமனை ஒன்றில், தாதியருக்கும் ஊழியருக்கும் நாள்தோறும் காலை இட்டிலி கொண்டு வரச் சொன்னார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு நிலைப்படுத்துவதாகப் பேச்சு. அது நிலைத்துவிட்டால் வேனுடன் தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை என்று அண்ணன் மகிழ்ந்தார். அதுவரை இரண்டு கூடை ஏற்றிய வேனில் அன்று முதல் கூரை முட்ட ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு கூடை ஏறின.

இங்கே ஹாரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ‘ஒலிப்பான்’ என்று எழுத என் கை விரும்புகிறது. ஆனால் அச்சொல்லில் அதன் கொடுமை குறைந்துவிடும். வேனுடன் பிறந்த ஹாரன் என்றோ மாண்டுபோக, சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தையில் வாங்கிய ஒன்றை அண்ணன் கூரைமேல் பொருத்தியிருந்தார். படகிலிருந்து கழற்றியது என்று விற்றவன் சொன்னானாம். அதன் குரல் அதை மறுக்கவில்லை. அந்த ஹாரன் மருத்துவமனை வாயிலில், யாரும் தொடாமலே, தானாக முழங்கத் தொடங்கியது.

முதல் நாள் முழங்கியபோது வார்டில் உறங்கிய நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தனர். ‘ஒலி எழுப்பாதீர்’ என்ற பலகைக்கு நேர்கீழே வேன் நின்று கதறியது. தாதியருக்கெல்லாம் தலைவியான மேட்ரன் ஓர் ஆங்கிலேய அம்மையார். அண்ணனை அழைத்து மென்மையாகக் கண்டித்தார். சில நாள் கழித்து மீண்டும் முழங்கியது. இம்முறை அவரே வாயிலுக்கு வந்து, மூன்றாம் முறை கேட்டால் இட்டிலி வேண்டியதில்லை என்று மலாயில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

டன்லப் ஸ்திரீட்டில் கார்களுக்கு மின்கம்பி வேலை பார்க்கும் பாய் ஒருவர் இருந்தார். அண்ணன் மூன்று பிற்பகல் வேனை அவரிடம் கொண்டுபோனார். பாய் பொத்தானை மாற்றினார், பேட்டரியைச் சோதித்தார், வேனை உலுக்கினார், மிதித்தார். ஹாரன் மூச்சுவிடவில்லை.

“என்கிட்ட வந்தா வாயத் தொறக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரியக் கண்டாத்தான் கத்துது. நோயி வண்டிக்கா உங்களுக்கான்னே தெரியல லா,” என்றார் பாய்.

ஒரு நாள் அண்ணன் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் போனார். அன்றைக்கென்று போக்குவரத்துக் காவலர் ஒருவர் வேனை நிறுத்தி, ஹாரனை அழுத்திக் காட்டச் சொன்னார். அந்த வழியும் அடைபட்டது.

பிறகு அண்ணனே ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார். வேன் வலப்புறம் திரும்பும்போது மட்டுமே முழங்குகிறது; இடப்புறம் திரும்பினால் அமைதி. மருத்துவமனை வாயில் வலப்புறத்தில் இருந்தது. ஆகவே அவர் வலப்புறமே திரும்பாமல் மருத்துவமனைக்குப் போவது என்று முடிவு செய்தார். இடம், இடம், மீண்டும் இடம் என்று சுற்றி, ஒரே பயணத்தில் ஜாலான் புசார் சாலையை இரண்டு முறை கண்டு, மறுகோடியிலிருந்து வாயிலை அணுகி இடப்புறமாக உள்ளே நுழைந்தார். ஹாரன் வாய் திறக்கவில்லை. ஆனால் இட்டிலி ஆறிப்போயிருந்தது. நான்கு நாள் இப்படி நடந்தபின், நாளை சூடாக, நேரத்தில், ஓசையின்றி வராவிட்டால் அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று மேட்ரன் சொல்லியனுப்பினார்.

அன்று மாலை பாய் ஒரு யோசனை சொன்னார். சுமையோடு போகும்போது யாராவது பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். மறுநாள் எனக்குப் பள்ளி விடுமுறை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சலவை செய்த வெள்ளைச் சட்டையோடு, விடியற்காலை, பன்னிரண்டு இட்டிலிக் கூடைகளுக்கும் ஒரு சாம்பார் வாளிக்கும் நடுவே ஏறி அமர்ந்தேன்.

நேரான சாலையில் எல்லாம் அமைதியாக இருந்தது. முதல் வலத் திருப்பத்தில் கூடை அடுக்கு மெல்ல இடப்பக்கம் சாய்ந்து தகட்டின்மேல் விழுந்தது. உடனே தலைக்குமேல் ஹாரன் முழங்கியது. நான் கூடையைப் பிடித்து இழுத்தேன்; நின்றது. விட்டேன், முழங்கியது. கூடைக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தேன். கூரையோரமாக ஹாரனின் கம்பி ஓடியது. அதற்குக் கீழே, எழுத்துகளை அடித்த ஆணிகளின் முனைகள் வரிசையாக மடங்கிக் கிடந்தன. ஒரே ஒரு முனை மட்டும் அவற்றைவிட ஒரு சாண் உயரத்தில், மடங்காமல், பித்தளை நிறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. கூடை சாயும்போதெல்லாம் கம்பியை அந்த முனைமேல் அழுத்தியிருக்கிறது. கம்பியின் உறை தேய்ந்து செம்பு தெரிந்தது; அது முனையில் பட்டால் பொத்தானை அழுத்தியது போலத்தான்.

பத்து எண்ணுவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. அத்தனை எழுத்துகளிலும் தலைக்குமேல் ஒன்று தேவைப்பட்டது ஒரே ஓர் எழுத்துக்குத்தான்.

அதற்குள் அண்ணன் முன்னாலிருந்து, “வாத்தியாரே, கேட் வந்துடுச்சு,” என்றார். வாயில் வலப்புறம். நான் வேறு வழியின்றி முதுகைத் தகட்டில் சாய்த்து, பன்னிரண்டு கூடைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டேன். வேன் திரும்பியது. கூடைகள் என்மேல் சாய்ந்தன. இட்டிலியின் ஆவி கழுத்துவழியே உள்ளே இறங்கியது. சாம்பார் வாளி என் காலைத் தேடி வந்து ததும்பியது. ஆனால் வேனிலிருந்து ஓர் ஓசையும் எழவில்லை, என் தொண்டையிலிருந்து எழுந்த சிறு முனகலைத் தவிர.

கதவு திறந்தபோது மேட்ரன் கைக்கடிகாரத்தோடு நின்றிருந்தார். இட்டிலியைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். இந்த ஆள் யார் என்று அவர் கேட்டதற்கு, ஹாரன் அடிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆள் என்று அண்ணன் மலாயில் விளக்கினார். மேட்ரன் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பும் வழியில் முன்னிருக்கையில் அமர்ந்தேன். வேன் காலியாக இருந்ததால் வலப்புறம் திரும்பியும் முழங்கவில்லை. முனையை யாருக்கும் தெரியாமல் நானே தட்டி மடக்கிவிடலாம். புள்ளியும் இருக்கும், என் மதிப்பும் இருக்கும். சிராங்கூன் ரோடு வரும்வரை இந்த எண்ணத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தேய்ந்த கம்பி அப்படியே இருக்கும் என்பது ஒன்றுதான் இடித்தது. அது மறுபடி முழங்கினால் போவது அவருடைய பிழைப்பு.

“அண்ணே, அந்தப் புள்ளிதான்,” என்றேன்.

“எந்தப் புள்ளி?”

“நான் வைக்கச் சொன்ன புள்ளி. உள்ள போயி ஹாரன் கம்பியில குத்துது.”

அவர் வேனை ஓரமாக நிறுத்தினார். இறங்கிச் சுற்றிவந்து புள்ளியை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப இத்தன நாளா ஹாரன் அடிச்சது நீங்களா, வாத்தியாரே?”

பாய் திருகாணியைக் கழற்றி, கம்பியை மாற்றி, துளையை அடைத்துத் தந்தார். சிரிப்பு அடங்காமையால் வேலை சற்று நீண்டது. கம்பி ஒழுங்காயிற்று, எழுத்துதான் பாழாயிற்று. புள்ளியிழந்த ககரம் முழு எழுத்தாகிவிட, வேனில் இப்போது ‘பலகாரக கடை’ என்று இருந்தது. முன்பிருந்தது பிழை; இது எம்மொழியிலும் இல்லாதது. கொஞ்சம் பெயின்ட் வைத்துப் புள்ளியிட்டுவிடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னேன்.

“பெயின்ட் வச்சா நீங்க மறந்துடுவீங்க,” என்று சொல்லி, அண்ணன் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பு டப்பாவை என் கையில் கொடுத்தார். “காலையில வண்டி கிளம்புறப்ப வந்து வச்சிட்டுப் போங்க.”

மாத முடிவில் மருத்துவமனை வேலை நிலைத்தது. நானும் நாள்தோறும் ஐந்தரை மணிக்கு இறங்கிவந்து, ஒரு முக்காலிமேல் ஏறி, விரல் நுனியால் ககரத்தின் தலையில் சுண்ணாம்புப் புள்ளி வைத்தேன். மழை நாள்களில் வேன் போகும்போது இலக்கணத்தோடு போகும்; திரும்பும்போது புள்ளி கரைந்திருக்கும். அத்தகைய நாள்களில் அண்ணன் என் வகுப்பறைக்கு எதிரே வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒரு முறை நீளமாக அழுத்துவார். அது தானாக முழங்குவதன்று.