சாலு என்றால் போதும்

எங்கள் நைனா சொந்தமாக ஒரு டீக்கடைகூட வைத்ததில்லை. ஆனால் சித்தூரிலிருந்து காளஹஸ்தி வரைக்கும் இருக்கிற அத்தனை மலிவு ஓட்டலுக்கும் அவர்தான் நீதிபதி. பங்காருபாளையம் மண்டியில் மாங்காய்க் கூடை சுமந்து லாரியில் ஏற்றி, அதே லாரியில் கூடவே போனவர். லாரி எங்கே நின்றதோ அங்கே சாப்பாடு. அப்படிக் கண்ட இடத்தில் தின்றே தேறிய நாக்கு அது.

"கூட்டத்தப் பாத்து உள்ள பூராத. பஸ் ஸ்டாண்டாண்ட நிக்கிறது பசிக் கூட்டம், ருசிக் கூட்டம் இல்ல" என்பார். கல்லாவில் இருக்கிற முதலாளி மதியத்துக்கு வீட்டுக் கேரியரைப் பிரித்தால், அந்தக் கடையைத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மோரைக் கடைசியில் இல்லை, முதலில் கேட்க வேண்டும். வயிறு நிறைந்தவன் எதைக் கொடுத்தாலும் குடிப்பான் என்று தெரிந்துதான் கடைக்காரன் தன் கைவரிசையை மோரில் காட்டுகிறானாம். திருப்பதி ஓட்டல்கள் மேல் அவருக்குத் தனிச் சந்தேகம். சித்தூரில் ஆபீஸ்காரன் நாளைக்கும் வரவேண்டும், அதனால் பயந்து சமைக்கிறான். திருப்பதியில் மொட்டை போட்டவன் முடி வளர்ந்த பிறகுதானே திரும்பி வருவான், அதுவரைக்கும் எவன் கேட்கப்போகிறான் என்பார்.

இதெல்லாம் ஓட்டலோடு நின்றிருந்தால் எனக்கென்ன வந்தது? மனுஷன் எனக்கு வந்த மாப்பிள்ளைகளையும் ஓட்டலில் வைத்துத்தான் பார்த்தார். வீட்டில் மிக்சரும் காப்பியும் கொடுத்தால் எவனும் யோக்கியன் மாதிரிதான் உட்கார்ந்திருப்பானாம். முதலில் வந்தவர் சர்வரை விரல் சொடுக்கிக் கூப்பிட்டார். அவரை நானே வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன். இரண்டாவது ஆள் பாதிச் சோற்றை வைத்து இலையை மூடிவிட்டு ஏப்பம் விட்டார். நைனாவுக்கு முகமே செத்துப்போயிற்று. "சோத்த வீணாக்கறவன் பொண்ண மட்டும் வெச்சிக் காப்பாத்துவானா?" என்றார். அந்தச் சம்பந்தமும் அதோடு போயிற்று.

மூன்றாவதாக வந்தது சத்தியவேடு பக்கத்து இடம். எங்களை மாதிரியே ஆந்திர எல்லைத் தமிழ்க் குடும்பம். பிள்ளை பெங்களூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார். ஊர் ஊருக்குப் புதுக் கம்பெனிகள் வந்து, எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. நான் சித்தூரில் மாங்கூழ் பேக்டரி ஆபீசில் வேலை பார்த்தேன். ஆபீஸ் போனுக்கு அவர் சில தடவை பேசியிருந்தார். "கல்யாணம் ஆனாலும் வேலைய வுட்டுடாதீங்க. இங்கயும் பேக்டரிங்க கீது" என்றார். எனக்கு வந்த வரன்களில் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியவர் அவர் ஒருத்தர்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. சுற்றி வளைப்பானேன், ரொம்பவே பிடித்துப்போயிற்று.

அவருடைய அம்மா வேண்டுதலுக்காகத் திருமலைக்கு நடந்து ஏறியிருந்தார். அவர் இறங்கி வந்ததும் எங்கள் பதிலைச் சொல்வதாகப் பேச்சு. அதற்குள் நைனா தன் பரீட்சையை நடத்தியாக வேண்டும். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மீல்ஸ் ஓட்டலில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பெங்களூர்க்காரர் பேச்சுக்குப் பேச்சு நைனாவை 'சார்' என்றார். வாழ்நாளில் யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை, கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். இலை போட்டதும் மோர் கேட்டார். சர்வர் முழித்துவிட்டுக் கொண்டுவந்தார். நைனா ஒரு வாய் குடித்துத் தலையை ஆட்டினார். கடை தேறிவிட்டது, இனி ஆள்தான் பாக்கி.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குத் தமிழ், ஓட்டலுக்குத் தெலுங்கு. எப்பேர்ப்பட்ட தமிழனாக இருந்தாலும் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டால் வாயில் 'போதும்' வராது, 'சாலு'தான் வரும். பெங்களூர்க்காரருக்கும் அதுதான் வந்தது. ஆனால் சோறு போட வந்தவர் வடக்கிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த பெரிய மீசைக்காரர். "சாலு" என்றார் இவர். மீசை இன்னொரு கரண்டி வைத்தது. "சாலு, சாலு!" மீசை உற்சாகமாகி, சோற்றுப் பேசினையே சாய்த்துவிட்டது. கையை நீட்டித் தடுத்திருக்கலாம். எங்கே, அவர் இலையையா பார்த்தார்? என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் பேக்டரியிலும் இந்திக்காரர்கள் உண்டு. மெஷினை ஓடவிடு என்பதற்கு அவர்கள் கத்துகிற வார்த்தையும் 'சாலு'தான். "நைனா, அவரு போதும்னுதான் சொல்றாரு. இந்தில சாலுன்னா ஓட்டுன்னு அர்த்தம்" என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல்.

நைனா சிரிக்கவில்லை. "எதுவா இருந்தா இன்னா? இலைக்கு வந்த சோறு. துன்னுங்க தம்பி" என்றார்.

பாவம், தின்றார். பருப்புப்பொடியில் பிசைந்து தின்றார், சாம்பாரில் தின்றார், ரசத்தில் கரைத்துத் தின்றார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில் கை நின்றுவிட்டது. இன்னும் ஒரு ஆள் சாப்பாடு இலையில் கிடந்தது.

"முடியல சார். வவுத்துல எடமில்ல" என்றார். இலையை மூடி மறைக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. நைனா அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் கை கழுவ எழுந்தார். எனக்குத் தெரிந்த முகம்தான். வெளியே வந்ததும் "வேணாம்மே" என்று சொல்லப்போகிற முகம்.

எனக்கு வந்ததே கோபம்! பட்டினி கிடந்து வளர்ந்தவர், சோறு விஷயத்தில் அவர் ரோஷம் எனக்குப் புரியாமல் இல்லை. அதற்காக வருகிறவனையெல்லாம் மோர் மாதிரி ருசி பார்த்துத் துப்பிக்கொண்டே இருந்தால் எப்படி? வாழப்போவது நானா, அவரா?

கையை நீட்டி, பெங்களூர்க்காரர் இலையில் கிடந்த சோற்றை வாரி என் இலையில் போட்டுக்கொண்டேன்.

பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் எச்சில் சோற்றை ஒரு பெண் தின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதுவும் தாலி ஏறிய பிறகு, வீட்டுக்குள்ளே. அந்த வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை மண்ணாங்கட்டி ஒன்றும் கிடையாது. ஆனால் நைனாவுக்குப் புரிகிற பாஷை எனக்கு அன்றைக்கு வேறு தெரியவில்லை.

"ஏம்மே, இன்னா பண்ற நீ?" பாதி எழுந்தபடியே கேட்டார்.

"பாத்தா தெரியல? துன்றேன். வீணாக்கச் சொல்றியா?"

பெங்களூர்க்காரருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. நான் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தின்றேன். ஆறிப்போன சோற்றை வாய் வாயாக அள்ளிப் போட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, காரத்தின் மேல் பழி போடலாம் என்றால் அதில் காரமும் இல்லை.

நைனா மறுபடியும் உட்கார்ந்தார். தன் இலையோரம் தொடாமல் வைத்திருந்த ஊறுகாயை எடுத்து என் இலையில் வைத்தார்.

"மெதுவாத் துன்னு, விக்கிக்கப் போவுது" என்றார். அப்புறம் பெங்களூர்க்காரர் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, அந்தத் தண்ணி ஜக்க இப்பிடி நவுத்து."