பதினோரு சிவப்புக் குறிகள்

கூரை போட்ட அந்த மரப்பாலம் இடிபட்டதற்கு நான்தான் காரணம். என் மனைவிக்குக்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

பொறாமை... வேறு காரணம் தேடாதீர்கள்.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் நானும் அருளும் ஒரே பட்டறைத் தச்சர்கள். எனக்குப் பதினெட்டு வருட அனுபவம்; அவனுக்கு மூன்று. ஆனால் அவன் தங்கவயல்காரன்! சுரங்கப் பாறையைத் தட்டி, விழுமா நிற்குமா என்று ஓசையிலேயே சொன்ன குடும்பம். அதே காதோடு அவன் மரத்தைத் தட்டினான். உள்ளே உளுத்ததா, உறுதியா... அவன் சொன்னது தப்பியதில்லை. எங்கள் இன்ஜினியர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். என்னை ஏணி பிடிக்கச் சொன்னார். ஏணி! வயிறு எரிந்தது எனக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றுக்குப் போனோம். ஓடையின் மேல் ஓடு வேய்ந்த நூறு வருடப் பாலம். பழுது பார்ப்பதா, இடிப்பதா? அருளின் சுத்தியல்தான் சொல்ல வேண்டும். நல்ல மரத்துக்குச் சாக்குக்கட்டியால் வெள்ளை வட்டம். கெட்டதற்குச் சிவப்பில் பெருக்கல் குறி. ஏறக்குறைய எல்லாமே வட்டம்.

அவன் சாப்பிடப் போன நேரம் பதினோரு வட்டங்களை ஈரத்துணியால் துடைத்துச் சிவப்புக் குறி போட்டேன். அவன் குறியில் ஒரு கால் நீண்டிருக்கும். அதையும் அப்படியே போட்டேன். இன்ஜினியர் துளையிட்டுப் பார்ப்பார், இவன் அசடு வழிவான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவர் துளையிடவே இல்லை. அவன்மேல் அத்தனை நம்பிக்கை! குறிகளைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அறுக்கப் போனவர்களும் நாங்களே. ரம்பம் பட்டதும் உள்ளே கல்லாக இருந்தது மரம். அருள் அந்தச் சிவப்புக் குறியைத் தடவிப் பார்த்தான்.

"என் கைதாண்ணா. காதுதான் போயிடுச்சு."

அப்போதாவது சொல்லியிருக்கலாமே... ஏன் சொல்லவில்லை? உள்ளுக்குள் மகிழ்ந்தேன் ஐயா, மகிழ்ந்தேன்!

அதன்பின் அவன் எந்த மரத்தையும் தட்டவில்லை. தட்டும் வேலை எனக்கு வந்தது.

சில வருடம் கழித்து அவன் வீடு கட்டினான். கூரைக்கு வாங்கிய பழைய மரங்களை என் முன்னால் இறக்கினான்.

"நீங்க தட்டிச் சொல்லுங்கண்ணா. கீழ பிள்ளைங்க படுக்கும்."

ஒவ்வொன்றாகத் தட்டினேன். எனக்கு எல்லாம் ஒரே ஓசையாகத்தான் கேட்டது... எப்போதும் அப்படித்தான். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நல்ல மரம் என்றேன்.