வளைவில் பிரேக் போடாத ஸ்டீபன்

முதுநகரில் என் கடையில் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நண்பன் ரஃபீக்கிடமிருந்து போன். "மச்சான், ஸ்டீபன் இல்லடா" என்றான். "காலங்காத்தால வெளாடாத, அடிச்சிருவேன்" என்று கத்தினேன். ரஃபீக் எதற்கும் பதில் வைத்திருப்பவன். அன்று மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த ஸ்டீபன் அப்படியே சாய்ந்துவிட்டானாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். கையில் கிரீஸோடு அப்படியே வண்டியை எடுத்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்திய ஸ்டீபனை உங்களில் பல பேருக்குத் தெரியும். உங்களுக்கோ உங்கள் வீட்டுப் பெண்களுக்கோ எட்டுப் போடச் சொல்லிக்கொடுத்து லைசென்ஸ் வாங்க வைத்தவன். "வளைவுல மெதுவா, வளைவுல மெதுவா" என்று மைதானத்தின் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவானே, அவன்தான். எங்களைப் போன்ற தூண்டில்காரர்களுக்கு அவன் 'எட்டு ஸ்டீபன்'. அது நாங்கள் கேலிக்கு வைத்த பெயர். நினைவஞ்சலி என்றால் அடக்கமாக, குரல் தாழ்த்தி எழுத வேண்டும் என்று தெரியும். என்னால் முடியவில்லை ஐயா! எழுத உட்கார்ந்ததும் கை பரபரக்கிறது. உங்களில் யாரும் பார்க்காத ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

கதை தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் சில பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரம் தாண்டிக் கிள்ளைக்குப் போய், கலியமூர்த்தி என்பவருடைய படகில் ஏறி, சுரபுன்னைக் காட்டு ஓரமாகக் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள். புழு, இறால் எதுவும் மாட்டுவதில்லை. லூர் என்கிற பொய் மீனைத் தூர வீசி, ரீலைச் சுற்றி இழுத்து வருவோம். சில சமயம் கொடுவா அதன் பின்னாலேயே வரும். படகு வரைக்கும் வரும். நம் கண்ணுக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்க்கும். நாம் லூரைத் தண்ணீரிலிருந்து தூக்குவோம், அது திரும்பிப் போய்விடும். அந்த வயிற்றெரிச்சல் இருக்கிறதே, அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

ஸ்டீபன் எங்கேயோ ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு வந்தான். அமெரிக்காவில் ஏரிகளில் மஸ்கி என்று ஒரு மீன் உண்டாம். வாத்து மூக்கு, நாய்ப் பல்லு. அதுவும் இதே மாதிரி படகு வரைக்கும் வந்து ஏமாற்றுமாம். அங்கே இருப்பவர்கள் லூரைத் தூக்குவதில்லை. ராடின், அதாவது தூண்டில் கம்பின், நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, படகோரத்திலேயே பெரிதாக ஓர் எட்டு வரைகிறார்கள். லூர் தப்பித்து ஓடுகிறது என்று நினைத்து மீன் துரத்திக் கவ்வுகிறது. "நம்ம கொடுவாவுக்கும் இது நடக்கும் மச்சான், எழுதி வச்சிக்க" என்றான்.

முதல் நாள் அவன் ராடைத் தண்ணீருக்குள் விட்டுச் சுழற்றியபோது, மூங்கிலை ஊன்றிப் படகை நிறுத்தியிருந்த கலியமூர்த்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். கடைசியில், "சார், ஏன் சார் சும்மா தண்ணிய கலக்குறீங்க? இருக்குற மீனும் ஓடிரும்" என்றார். ரஃபீக் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. "லைசென்ஸ் வாங்காத கொடுவா கடிக்காதுங்களா மாஸ்டர்?" என்று கேட்டான். ஸ்டீபன் கண்டுகொள்ளவே இல்லை. மீன் பின்னால் வந்தாலும் வராவிட்டாலும், ஒவ்வொரு வீச்சுக்கும் கடைசியில் ஓர் எட்டு. "நம்ம கண்ணுக்குத் தெரியாத மீனுதான் ஜாஸ்தி" என்பான்.

திரும்பும் வழியில் சிதம்பரத்தில் இட்லியும் கொத்சும் சாப்பிடுவது எங்கள் வழக்கம். அங்கேயும் பாடம்தான். ஒரு முழு இட்லியை மீனாக வைத்து, முன்னால் ஸ்பூனை லூராக ஓட்டுவான். "பஸ்ஸு எப்புடி திரும்பும்? அகலமா திரும்பும். ஸ்கூட்டி மாதிரி சட்டுனு திரும்ப அதால முடியுமா? பெரிய மீனும் பஸ்ஸு மாதிரிதான். வளைவ சின்னதா போட்டா அதால திரும்ப முடியாது, போய்டும்." கொத்சுக்குள் ஸ்பூன் பெரிய எட்டாகப் போகும். அடுத்த மேசை வரைக்கும் தெறிக்கும். பரிமாறுகிறவர் வாளியோடு நின்று, "சார், மீனு சாப்புடுமா, நீங்க சாப்புடுவீங்களா? ஆறுது" என்பார்.

பேச்சு இத்தனை இருந்தும், எட்டில் அவனுக்கு ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. பின்னால் வந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். முதல் வளைவு வரைக்கும் வரும். வளைவில் நின்றுவிடும். அப்படியே ஆழத்துக்குள் மறைந்துவிடும். எட்டு அகலமாகத்தான் இருந்தது, ராடு ஆழமாகத்தான் போனது. பின்னே ஏன்? ஸ்டீபனுக்குச் சோறு இறங்கவில்லை. மீன் தின்னும் ஆசையில் இல்லை. ஊரே சிரித்த பிறகு, தான் சொன்னது பொய்யில்லை என்று ஒரே ஒரு தடவையாவது தன் கையால் காட்டிவிட வேண்டும் அவனுக்கு.

இதில் வேடிக்கை, எங்கள் வாட்ஸப் குரூப்புக்கு ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தவனும் அவனே. ரஃபீக் பிடித்த மீன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஒரு சாண் வளரும். அது பொறுக்காமல் ஸ்டீபன்தான் எழுதினான்: 'போட்டோ இல்லன்னா மீன் இல்ல.' அன்றிலிருந்து யார் வாயால் மீன் பிடித்தாலும் குரூப்பில் அந்த ஒரு வரிதான் பதில். அட்மின் ரஃபீக். தன்னை மடக்கிய சட்டத்தை அவன் மற்றவர்கள்மேல் எவ்வளவு ஆசையோடு போட்டுத் தாக்கினான் தெரியுமா!

எட்டின் கோளாறைக் கண்டுபிடித்தது ஸ்டீபனின் மனைவி மெர்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்புடி என்னாதான் பண்றீங்கன்னு நானும் பாக்குறேன்" என்று படகில் வந்து உட்கார்ந்தாள். ஸ்டீபனிடமே ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, அவனிடமே திட்டு வாங்கியவள். கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்தாள். பிறகு, "ஏங்க, திரும்பும்போது ஏன் பிரேக் போடுறீங்க?" என்றாள்.

ஸ்டீபன் மறுபடி ஓர் எட்டுப் போட்டான். நான் பார்த்தேன். அட, ஆமாம்! நேராகப் போகும்போது கை வேகமாகப் போகிறது. வளைவு வந்ததும் தானாகவே மெதுவாகிறது. எத்தனை வருஷமாக அந்த மைதானத்தில் நின்று "வளைவுல மெதுவா" என்று கத்தியிருக்கிறான்! அது அவன் கைக்கே ஏறிவிட்டது. உயிர் பிழைக்க ஓடுகிற மீன் வளைவில் மெதுவாகுமா? அங்கேதான் இன்னும் வேகமாக ஓடும். ஸ்டீபன் ராடைக் கீழே வைத்துவிட்டு மனைவியை ஒரு பார்வை பார்த்தான். "உனக்கு லைசென்ஸ் வாங்கிக் குடுத்ததுக்கு இன்னிக்கித்தான்டி பலன்" என்றான். "எனக்கு ஒரு பொடவ வாங்கிக் குடுங்க, அது போதும்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு அவன் பட்ட பாடு! மத்தியானம் மைதானம் காலியாக இருக்கும் நேரத்தில், சுண்ணாம்பில் போட்ட எட்டின்மேல் நின்று, ராடைக் கையில் பிடித்து, "வளைவுல வேகம், வளைவுல வேகம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சுழற்றுவான். ஒரு நாள் லைசென்ஸுக்குப் பழக வந்த ஓர் அம்மா அதைக் கேட்டுவிட்டு, அவர்களும் வளைவில் முறுக்கி, வேலியில் போய் விழுந்தார்கள். நல்ல வேளை, சிராய்ப்போடு போயிற்று. "ஐயோ, அது மீனுக்கும்மா! உங்களுக்கு இல்ல!" என்று ஸ்டீபன் ராடோடு ஓடியதை நினைத்தால் இந்த நிமிஷமும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவன் போவதற்கு முந்தைய ஞாயிறு. ரஃபீக் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டான், வரவில்லை. படகில் ஸ்டீபன், நான், கலியமூர்த்தி. தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, வெயில் ஏறிவிட்டது. "கெளம்பலாம் மச்சான்" என்று நான் முனகிக்கொண்டே இருந்தேன். "கடைசி வீச்சு" என்று வீசினான். லூர் படகை நெருங்கியது. அதன் பின்னால் சேற்று நிறத்தில் ஒரு நிழல்.

"வருது" என்றான். மூச்சுவிடும் சத்தத்தில் சொன்னான். ராடின் நுனி தண்ணீருக்குள் இறங்கியது. லூருக்கும் நுனிக்கும் நடுவில் ஒரு முழம் தூண்டில் நரம்பு, அவ்வளவுதான். முதல் வளைவு. "பிரேக் போடாத! பிரேக் போடாத!" என்று நான் கத்துகிறேன். அவன் கை மெதுவாகவில்லை ஐயா! வளைவில் லூர் விருட்டென்று ஓடியது. நிழலும் கூடவே திரும்பியது. குறுக்கே வந்தது. இரண்டாவது வளைவு. லூரைக் கொஞ்சம் மேலே ஏற்றினான், இன்னும் வேகம் எடுத்தான். படகோரத்தில் தண்ணீர் வெடித்தது! என் முகமெல்லாம் உப்புத் தண்ணீர். பதற்றத்தில் ராடை மேலே தூக்குகிறவன்தான் மீனை விடுவான். அவன் தூக்கவில்லை, பக்கவாட்டில் ஓர் இழு இழுத்தான். கொடுவா தண்ணீரை விட்டு எழும்பித் தலையை உதறியது. கலியமூர்த்தி மூங்கிலைப் பிடித்தபடி, "ஆத்தாடி! வுடாதீங்க சார், வுடாதீங்க!" என்று குதிக்கிறார். எனக்கு என்ன கத்தினேன் என்றே நினைவில்லை.

ரொம்ப நேரம் போராடியது. படகோரம் வந்தபோது களைத்துச் சாய்ந்துவிட்டது. என் கை நீளத்துக்கு மேல் இருந்தது. ஸ்டீபன் லூரின் முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள்ளேயே இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் அசைத்தான். போன்கள் எல்லாம் தண்ணீர் புகாத பையில், பலகைக்கு அடியில். "இரு, இரு, போட்டோ!" என்று நான் பாய்ந்தேன். "இனிமே புடிச்சா செத்துரும் மச்சான், மூச்சு வாங்குது பாரு" என்றான். நான் ஜிப்பைத் திறப்பதற்குள் வாலை ஓர் அடி அடித்துவிட்டுப் போய்விட்டது. "போச்சே! போச்சேடா!" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவனோ நனைந்த சட்டையோடு படகில் மல்லாந்து படுத்துச் சிரித்தான். கண்ணில் தண்ணீர். "நீ பாத்தல்ல?" என்றான். "பாத்தேன்டா." "கலியமூர்த்தி, நீங்க?" "பாத்தேன் சார். இத்தினி நாளு தண்ணிய கலக்குனது வீண் போவல."

கரைக்கு வரும்போதுதான் சொன்னான்: "குரூப்புல சொல்லாத. போட்டோ இல்லன்னா மீன் இல்ல. ரூலு நான் போட்டது. இன்னொண்ணு புடிச்சி போட்டோவோட போடுறேன், ரஃபீக் மூஞ்சிய அப்ப பாக்கணும்." சரி என்றேன். இன்னொரு ஞாயிறு அவனுக்கு வரவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மெர்சி என்னை அருகில் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. "அண்ணே, அன்னிக்கி எட்டுல ஒண்ணு புடிச்சதா எங்கிட்ட சொன்னாரு. நான் நம்பல. போட்டோ எங்கன்னு கேட்டேன். அவரு சிரிச்சிட்டுப் போய்ட்டாரு. அதுதான் மனசுல குத்திக்கிட்டே இருக்கு. நெசமாவே புடிச்சாரா?" என்றாள்.

"புடிச்சாம்மா. நான் பாத்தேன். இந்தக் கண்ணால பாத்தேன்."

"வளைவுல பிரேக் போடலையே?"

"போடலம்மா. முறுக்குனான் பாரு! ரெண்டு வளைவுலயும் முறுக்குனான்!"

அந்த வீட்டில் அந்த நேரத்தில் கையை வீசி எட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டு நின்றேன். உறவுக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மெர்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்போடு சிரிப்பாக அழுதாள். வாசல் கதவோரம் நின்ற ரஃபீக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

வீடு திரும்பும் வழியில் போன் ஒலித்தது. குரூப்பில் அட்மின் எழுதியிருந்தான்: 'ஸ்டீபன். கொடுவா. கிள்ளை. எட்டுல கடிச்சது. போட்டோ இல்ல. மீன் உண்டு.' வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ரோட்டில் போகிறவர்கள் பார்க்க அழுதேன்.

எனக்கு எட்டில் இன்னும் ஒன்றும் கடிக்கவில்லை. கிள்ளைக்குப் போகிறேன், வீசுகிறேன். லூர் படகோரம் வந்ததும், பின்னால் மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், கை தானாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. பக்கத்தில் ரஃபீக்கின் ராடும் இறங்குகிறது. அவன் கேலி செய்வதை விட்டுவிட்டான். ஸ்டீபனிடமிருந்து என் கையில் தங்கியது அந்த ஒரு வளைவு. அது வரும்போது நான் வேகத்தைக் குறைப்பதில்லை.