ஷெத்லியா கலக்கிய கரைசல்

ஸ்ஃபாக்ஸ் நகர ஆய்வுக்கூடம் ஒன்றில் ஷெத்லியா கரைசல் கலக்க ஆரம்பித்துப் பதினெட்டு வருடம். அவர் கொடுத்த பாட்டிலை யாரும் மறுபடி சோதித்துப் பார்த்ததில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைத்துச் சம்பாதித்தது.

அங்கே ஆராய்ச்சியாளரான லம்ஜெத், இருபத்திரண்டு எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டை இரண்டு வருடமாகச் சீராட்டி வந்தார். பொட்டாசியம் இருந்தால் அது நான்காக மடிந்துகொள்ளும், சூடேற்றினாலும் லேசில் பிரியாது. இல்லாவிட்டால் அவிழ்ந்து கிடக்கும். அதை வைத்துச் சிறுநீரக நோயாளிகளின் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறதா என்று ஒரே சொட்டில் கண்டுபிடிப்பது அவருடைய கனவு. ஆனால் பாழாய்ப்போன துண்டு, பொட்டாசியமே சேர்க்காத ஷெத்லியாவின் கரைசலிலும் மடிந்தே நின்றது. அறுபது டிகிரி வரை அசையவில்லை.

"இது எதுக்கும் உதவாதுக்கா. வியாழக்கிழமையோட மூட்டை கட்டிடறேன்" என்றார் லம்ஜெத்.

"என் கரைசல்ல ஏதாவது..."

"உங்க கரைசல்லயா? என் மூளையிலகூட அழுக்கு இருக்கும், அதுல இருக்காது."

கேட்கும்போது ஷெத்லியாவுக்கு இனிக்கத்தான் செய்தது.

மறுநாள் காலை, கரைசலின் அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் மீட்டரின் கண்ணாடிக் கோலைக் கையில் எடுத்தார். போன வாரம் உள்ளே நிரப்பிய திரவம் அதற்குள் விரல் அகலம் இறங்கியிருந்தது. எங்கே போயிற்று? அது அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடு. மற்றவர்கள் கோலை ஒரு நிமிடம் முக்கி எடுத்துவிடுவார்கள். ஷெத்லியாவோ எண் துளியும் ஆடக்கூடாது என்று, கோலைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டு, புதினாத் தேநீர் குடித்து, மதியத் தொழுகையும் முடித்துத்தான் திரும்புவார். அத்தனை நேரமும் அந்தப் பொட்டாசியம் பாட்டிலுக்குள் கசிந்திருக்கிறது.

வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. துண்டு குப்பைக்குப் போகும், தன் பெயர் நிற்கும். தேவையில்லாமல் இரண்டு குடுவைகளைக் கழுவினார். பிறகு நேரே லம்ஜெத்தின் அறைக்குப் போனார்.

"டாக்டர், துண்டு மேல தப்பில்ல. தப்பு என்னுது."

முழுவதையும் கேட்ட லம்ஜெத், துண்டு இருந்த குழாயை மறுபடி வெளியே எடுத்தார். ஷெத்லியா புதிதாகக் கரைசல் கலக்கினார். இந்தத் தடவை கொஞ்சத்தைத் தனியே கிண்ணத்தில் ஊற்றி, கோலை அதில் மட்டும் முக்கி அளந்து, அதைக் கொட்டிவிட்டார். மாலைக்குள் தெரிந்துவிட்டது: சூடேற்றும் முன்பே துண்டு அவிழ்ந்து கிடந்தது. ஒரு சொட்டு பொட்டாசியம் விட்டதும் மடங்கிக்கொண்டது.

லம்ஜெத் தலையில் கை வைத்துச் சிரித்தார். "அது இத்தனை நாளா உள்ளதைத்தான் சொல்லிட்டிருந்துதுக்கா! நம்ம யார் கண்ணுக்கும் தெரியாத கசிவைப் பிடிச்சிருக்கு. நாமதான் அதைப் பொய்க்காரின்னு திட்டிட்டிருந்தோம். இதைக் கட்டுரையிலேயே எழுதறேன், உங்க பேரோட."

"ஏன் டாக்டர், என் தப்பை உலகம் பூரா அச்சடிச்சுக் குடுக்கணுமா?"

"இன்னொரு ஊர்ல இன்னொருத்தர் இதே மாதிரி நல்ல துண்டைத் தூக்கிப் போடாம இருக்கணுமே."

ஷெத்லியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, எழுதுங்க. என் பேர் அச்சுல வர்றது இதான் முதல் தடவை."