நாடாவை மறித்த கம்பி

என் வீட்டுக்காரருக்கு இடது கண் போனபோது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட முடியவில்லை. எழுபதுகளின் கடைசி அது. சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் இரண்டு பேரும் அடுத்தடுத்த தறிகளில் சேலை நெய்துகொண்டிருந்தோம்.

தறிகள் ஓடும்போது உள்ளே பேச்சு கிடையாது. பேசினாலும் கேட்காது. கையசைப்பும் வாயசைப்பும்தான். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குனிவதைப் பார்த்தேன். அறுந்த நூலை முடிச்சுப் போடக் குனிகிறார் என்றே நினைத்தேன். முகத்தைப் பொத்தியிருந்த விரல்களுக்கிடையில் ரத்தம் வந்த பிறகுதான் காலடியில் கிடந்த நாடாவைக் கண்டேன். நாடா என்றால் ஊடை நூலைச் சுமந்துகொண்டு தறியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாய்கிற மரக்கட்டை. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். எதிர்த் தறியிலிருந்து அது பறந்து வந்திருந்தது. அந்தத் தறியை ஓட்டியவர் அவருடைய கூட்டாளி. சின்ன வயதிலிருந்தே இருவரும் ஒன்றாகத் திரிந்தவர்கள்.

மதுரையில் பெரிய டாக்டர்கள் பார்த்தார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. கட்டுப் பிரித்ததும் அவர் முதலில் கேட்டது தன் கண்ணைப் பற்றி அல்ல.

"அவன் ஏன் என்னைப் பாக்க வரல?"

என்னால் மறைக்க முடியவில்லை. கவனமில்லாமல் தறி ஓட்டியவன் என்று சொல்லி முதலாளி கூட்டாளியை அன்றைக்கே வேலையைவிட்டு நிறுத்திவிட்டார். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் அம்மா ஊருக்குப் போய் மிளகாய்த் தோட்டத்தில் கூலிக்கு நிற்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இவர் பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் நேரே தறிக்கூடத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். முதலாளி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கெட்ட மனுஷர் இல்லை அவர்.

"ஆஸ்பத்திரிச் செலவை நான் பாத்துக்கிடுதேன். அந்தப் பயலையும் அன்னைக்கே அனுப்பிட்டேன். கவலைப்படாத" என்றார்.

"அவனை அனுப்பிட்டிய அண்ணாச்சி. தறியை அனுப்பலையே" என்றார் இவர். "அது இங்கனதான நிக்கி. இப்ப யாரு ஓட்டுதா?"

"புதுசா ஒருத்தன்."

"முதல்ல அதை நிப்பாட்டுங்க. நாளைக்கு அது இன்னொருத்தன் மூஞ்சியில எறியும்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். அதுவரை முதலாளியிடம் குரல் உயர்த்திப் பேசாதவர். இப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் தறி நிற்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவும் இல்லை. கடைசியில் முதலாளியே போய் அதை நிறுத்தினார்.

அன்று சாயங்காலமே நாங்கள் மேலநீலிதநல்லூருக்கு பஸ் ஏறினோம். கூட்டாளி எங்களைக் கண்டதும் தோட்டத்து வரப்பிலேயே உட்கார்ந்து அழுதார். இவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழுதது போதும்வே. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். அது உனக்கு மட்டும்தான் தெரியும்."

"என் தப்புதான்..."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கல. என்ன நடந்துச்சுன்னு கேக்கேன்."

கூட்டாளி மெல்ல மெல்லச் சொன்னார். நாடாவை அடித்துத் தள்ளும் தோல்துண்டு தேய்ந்திருந்தது. ஒரு பக்கம் அடியின் சத்தமே மாறியிருந்தது. அந்த வாரத்திலேயே இரண்டொரு தடவை நாடா துள்ளி அவர் காலடியில் விழுந்திருக்கிறது. யாருக்கும் அடிபடவில்லை. சொன்னால் ஏச்சு விழும், தறி நின்றால் கூலி போகும் என்று எடுத்துப் போட்டு ஓட்டியிருக்கிறார்.

திரும்பி வந்த மறுநாள் தறிக்கூடத்தில் இவர் எல்லாத் தறிகளையும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார். கூடம் திடீரென்று அமைதியானது காதை அடைத்தது. "உங்க தறியில நாடா துள்ளியிருக்கா? யாரும் ஏச மாட்டாங்க. சொல்லுங்க" என்று கேட்டார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரு வயதான நெசவாளி தன் தறிக்குத் துள்ளியதைச் சொன்னார். அடுத்து இன்னொருவர். பிறகு நிறுத்த முடியவில்லை. முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "இத்தனை தடவையா? எனக்கு ஒண்ணுகூடத் தெரியாதேவே" என்றார். அவர் குரலில் பயம் இருந்தது.

அன்றைக்கு முதலாளி சம்மதத்தோடு ஒரு ஏற்பாடு வந்தது. நாடா துள்ளினால், யாருக்கும் படாவிட்டாலும், தறியை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டும். நின்ற நேரத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது. சொன்னவனை யாரும் ஏசக்கூடாது. கூட்டாளி அதே தறிக்குத் திரும்பி வந்தார். தேய்ந்த தோல்துண்டை அவரே மாற்றினார்.

அதோடு விஷயம் முடியவில்லை. நாடா வெளியே பாயாமல் மறிக்க, நாடா ஓடும் பாதைக்கு மேலே ஒரு இரும்புக் கம்பி வேண்டும். தறிகள் வாங்கியபோது அந்தக் கம்பிகளும் கூடவேதான் வந்திருக்கின்றன. கூடத்தின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன. ஆளாளுக்குக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். இவர் எல்லாவற்றையும் தேய்த்துத் திரும்ப மாட்டினார். பத்து நாள்கூட ஆகவில்லை, பாதி கம்பிகள் பழைய மூலைக்கே போய்விட்டன. முதல் தடவையாக இவருக்குக் கோபம் வந்தது.

"கண்ணு போனாத்தான் புத்தி வருமா இவங்களுக்கு?" என்று வீட்டில் வந்து கத்தினார்.

எனக்கும் அந்தக் கம்பி எரிச்சலாகத்தான் இருந்தது. அதைச் சொல்லியும்விட்டேன். "நூலு அறுந்தா கை உள்ள போக மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கழட்டி மாட்டணுமா? யாரு செய்வா? கதவு மாதிரி தூக்கி இறக்குற மாதிரி இருந்தா நானே கழட்ட மாட்டேன்."

அவர் சாப்பாட்டுத் தட்டில் வைத்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தார். "ஏட்டி, திரும்பச் சொல்லு" என்றார்.

அப்போது அவருக்கு ஒற்றைக் கண்ணால் தூரம் இன்னும் பிடிபடவில்லை. தம்ளரில் ஊற்றும் தண்ணீர் வெளியே போகும். அப்படியிருந்தும் ரயிலடிப் பக்கம் இருந்த வெல்டிங் பட்டறைக்கு நாள்தோறும் நடந்தார். கூட்டாளிதான் அளவு பிடித்தார். முதலில் செய்தது இறக்கினால் தறியில் இடித்தது. அடுத்தது ஓட்டத்தின் அதிர்வில் தானாகவே மேலே எழும்பியது. அதற்கு ஒரு கொக்கி போட்டார்கள். அதன் பிறகு ஒரு விரலால் தூக்கலாம், கையை விட்டால் தன் எடையிலேயே இறங்கி நிற்கும். முதல் கம்பியை என் தறியில்தான் மாட்டினார்கள். பொருத்தி முடித்ததும் வேண்டுமென்றே ஒரு நூலை அறுத்துவிட்டு, "முடிச்சுப் போடு பாப்போம்" என்றார். போட்டேன். கை தாராளமாகப் போய் வந்தது.

மறு வருஷம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின வாரம், வேலை நெருக்கத்தில், என் தறியில் நாடா துள்ளியது. மடாரென்று கம்பியில் மோதி அங்கேயே விழுந்தது. நான் தறியை நிறுத்தினேன். பக்கத்துத் தறிகளும் நின்றன. எல்லோரும் வந்து கம்பியில் விழுந்திருந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்கள். கூட்டாளி என் வீட்டுக்காரரின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார். இவர் மட்டும் அதற்குள் குனிந்து, நாடா ஏன் துள்ளியது என்று தேட ஆரம்பித்திருந்தார்.

அடுத்த தெருத் தறிக்காரர்கள் வந்து பார்த்தார்கள். பிறகு, எங்காவது அடிபட்டது என்றால் இவரைக் கூப்பிட்டு அனுப்புவது வழக்கமாயிற்று. போனதும் முதல் வேலையாக, "யாரையும் ஏசாதிய. அவன் பேசட்டும்" என்பார்.

எண்பதுகளில் ஒரு தடவை வெளியூர்க் கல்யாணத்துக்கு இருவருமாகப் போனபோது, பக்கத்திலிருந்த தறிக்கூடத்தை எட்டிப் பார்த்தேன். அதே கம்பி, அதே கொக்கி. தறியில் நின்ற பெண்ணிடம், இது எதற்கு என்று தெரியாதவள்போலக் கேட்டேன்.

"இது இல்லாட்டி நாடா கண்ணுல பாய்ஞ்சிரும்க்கா. சங்கரன்கோயில்ல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சாம்" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது எங்க வீட்டுக்காரர்தான்" என்று சொல்லிவிட்டேன்.

அவள் உடனே தறியை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். "வந்திருக்காகளா? எங்க?" என்றாள். நான் வெளியே போய் அவரைக் கையோடு கூட்டி வந்தேன்.