கரண்டு பில் வராத வீடு

நான் இப்போது இருக்கும் ஊரில் கரண்டைக் கடையில் வாங்க வேண்டும். பாலும் ரொட்டியும் விற்கும் அதே மூலைக் கடையில் அதுவும் கிடைக்கிறது. காசைக் கொடுத்தால் கல்லாவில் இருக்கும் அம்மாள் ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துத் தருவார். அதில் இருபது எண்கள் இருக்கும். வீட்டுக்கு வந்து, கதவுக்குப் பின்னால் சுவரில் இருக்கும் மீட்டரில் அந்த இருபதையும் ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும். செல்போனுக்கு ரீசார்ஜ் போடுவது போலத்தான். தீர்ந்துபோனால் வீடு இருண்டுவிடும். நம்ம ஊரில் ஈபிக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்துதான் நாம் என்ன செலவழித்தோம் என்று சொல்லுவார். இங்கே கண்ணெதிரே கரைகிறது. வந்த புதிதில் கெட்டிலைப் போட்டுவிட்டு மீட்டருக்கு எதிரே போய் நின்றுகொள்வேன், ஒரு தேநீருக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க.

இது வட அயர்லாந்தில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். இறாலைத் தலை கிள்ளி, தரம் பிரித்து, ஐஸில் அடுக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. அதற்கு முன்னால் இருபது வருடம் எங்கள் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்திலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போனவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் ஆட்கள் பேசக் கேட்டுக் கற்றுக்கொண்டது. அதனால் இதிலும் ஆட்கள் சொன்னதுதான் அதிகம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டில் மார்கரெட் என்று ஒரு பாட்டியம்மா தனியாக இருக்கிறார். வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் கதவைத் தட்டினார். இங்கே அப்போது நாலு மணிக்கே இருட்டிவிடும். நான் வழக்கம்போல அடுப்படி விளக்கு ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டி உட்கார்ந்திருந்தேன். கரண்டு தீர்ந்துவிட்டதா, லவ் என்று கேட்டார். இங்கே கடைக்காரம்மாவிலிருந்து பஸ் ஓட்டுபவர் வரை எல்லோரையும் லவ் என்றுதான் அழைப்பார்கள், பயந்துவிடக் கூடாது. தீரவில்லை, மிச்சம் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் கதவிடுக்கு வழியாக ஒரு துண்டுச் சீட்டு உள்ளே விழுந்து கிடந்தது. இருபது எண்கள். என்னைச் சோற்றுக்கு இல்லாதவன் என்று நினைத்துவிட்டார் அந்த மனுஷி. வெட்கத்தோடு ஒரு பை இறாலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடனைத் தீர்க்கிறேன் என்று நினைத்து அதற்கும் வருத்தப்பட்டார்.

மிச்சம் பிடிப்பதை நாங்கள் கஷ்டம் என்று நினைத்ததே இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? எனக்கும் என் மனைவி ஜெசிந்தாவுக்கும் அது பெருமை. போனில் கொஞ்சிக்கொள்ளத் தெரியாத எங்களுக்குக் கொஞ்சலே அதுதான். ஆனால் கரண்டைப் பற்றித் தொடங்கினாலும் இது ஜெசிந்தாவின் வலது காலைப் பற்றிய கதை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நம்ம பக்கம் வீட்டுக்கு முதல் நூறு யூனிட் இலவசம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நூறுக்குள் குடித்தனத்தை நடத்திக் காட்டியவள் ஜெசிந்தா. துணியை இஸ்திரி போடமாட்டாள், மடித்துப் பாய்க்கு அடியில் வைத்துவிடுவாள். மிக்சி இருந்தும் அம்மியில் அரைப்பாள். பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போகும்போது செல்போனையும் சார்ஜரையும் கூடவே கொண்டுபோவாள். வீட்டுக்கு எதிரே மாதா சிலை வைத்த கெபி இருக்கிறது, அதன் விளக்கு எங்கள் வாசல்வரை விழும். அங்கே உட்கார்ந்து மீன் ஆய்வாள். அக்கம்பக்கத்துப் பெண்கள், "ஜெசிந்தா வீட்டு கரண்டு பில்ல மாதாதான் கட்டுறாக" என்று கேலி பேசுவார்கள். மீட்டர் பார்க்க வரும் ஈபிக்காரர் ஒருபடி மேலே போய், "உங்க மீட்டர்ல பல்லி தூங்குதுமா, எழுப்பிறக் கூடாதுன்னு மெதுவா வாரேன்" என்பாராம். அதை அவள் எனக்குச் சொல்லும்போது அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டிருக்க வேண்டும். "இந்தத் தடவையும் நமக்குப் பில்லு இல்லங்க" என்பாள். நான், "நீ கலெக்டரா போயிருக்கணும்டி" என்பேன். இதற்குமேல் எங்களுக்குள் என்ன வேண்டும்?

இடையில் ஒரு தடவை பில் வந்தது. இங்கே வந்து முதல் சம்பளத்தில் நான் ஊரில் ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்திருந்தேன். மகள் ராமநாதபுரத்தில் காலேஜ் ஹாஸ்டலில் இருந்து வரும்போது ஐஸ் தண்ணி கேட்பாள் என்று. அது ஓட ஆரம்பித்ததும் யூனிட் நூறைத் தாண்டிவிட்டது. போனில் நான் திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "என்னடி இவ்வளவு வந்திருக்கு?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். அடுத்த தடவை பில் வரவில்லை. எப்படி வராமல் போனது என்று நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. மாத்திரையில் நிற்காமல் ஊசிக்குப் போனது. டாக்டர் மருந்தை ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். அவளும் ஃபிரிட்ஜில் வைத்தாள். மாதா மாதம் ராமநாதபுரத்துக்கு அலைவானேன், மூன்று மாதத்து மருந்தை மொத்தமாக வாங்கினால் பஸ் காசு மிச்சம் என்று யோசனை சொன்னவன் நான்தான்.

அடுத்த மே மாதம் லீவில் போனேன். உங்களுக்குத் தெரியும், அந்த மாதத்தில் நம்ம தீவில் மத்தியானம் மணலில் கால் வைக்க முடியாது. வேர்த்து ஒழுகி வீட்டுக்குள் வந்து, குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாம் என்று ஃபிரிட்ஜைத் திறந்தால் அந்துருண்டை வாசம் அடித்தது. நடுத்தட்டில் அவளுடைய கல்யாணப் புடவை மடித்து இருந்தது. காய்கறித் தட்டில் மகளின் சர்டிபிகேட்டுகள், ஐஸ் வைக்கும் அறையில் வீட்டுப் பத்திரம். கதவில் முட்டை வைக்கும் குழிகளில், குழிக்கு ஒன்றாக, மருந்துக் குப்பிகள். நான் கீழே உட்கார்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "எதுக்கு இளிக்கிறீங்க? இரும்பு பீரோ வாங்குனா உப்புக்காத்துல ஒரே வருசத்துல துருப்பிடிச்சிரும். இதுக்குள்ள எறும்பு போகாது, எலி போகாது, காத்துகூடப் போகாது. இங்கன சும்மாதான நிக்கிது" என்றாள். அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. வீட்டில் இருப்பதிலேயே பத்திரமான இடம் எது என்றால் ஃபிரிட்ஜ். விலை கூடியது எல்லாம் அதற்குள் இருந்தது. மருந்தும் விலை கூடியதுதானே.

திரும்பி வந்து இந்தக் கதையைக் கொட்டகையில் எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தேன். சொல்லும்போது என் முதுகுக்குப் பின்னால் ஒரு பலகை தொங்கிக்கொண்டிருந்தது. குளிர் அறையில் எத்தனை டிகிரி இருக்கிறது என்று மணிக்கொரு தரம் அதில் எழுதுவது என் வேலை. ஐஸ் இல்லாமல் நாலு மணி நேரம் கிடந்தால் மீன் என்ன ஆகும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்தவன் நான். இறாலுக்கு இருந்த பத்தியம் மருந்துக்கும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஆடி மாதக் காற்றில் கருவாடு காயப் போடும் இடத்தில் அவள் காலில் ஏதோ குத்தியிருக்கிறது. சிப்பியோ, முள்ளோ. வலிக்கவில்லை என்று விட்டுவிட்டாள். சர்க்கரைக்காரர்களுக்கு வலிக்காமல் இருப்பதுதான் ஆபத்து என்று பிறகு தெரிந்தது. புண் ஆறவில்லை. சர்க்கரையைப் பார்த்த டாக்டர் திகைத்து, ஊசியின் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். "ஒருநாக்கூட நான் ஊசி போடாம இருந்ததில்லங்க, ஆனா எறங்க மாட்டேங்குது" என்று ஜெசிந்தா போனில் சொல்லுவாள். பெருவிரல் கறுத்தபோது மதுரைக்கு அனுப்பினார்கள். விரலோடு நிற்குமா, பாதம் போகுமா, அதற்கு மேலேயும் போகுமா என்று சொல்ல முடியாது என்றார்கள்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பெண் அவளிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறாள். மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஜெசிந்தா, டாக்டரிடம் எப்போதும் சொல்லும் பதிலையே சொல்லியிருக்கிறாள், ஃபிரிட்ஜில்தான் என்று.

"உங்க பக்கம் கரண்டு ரொம்பப் போகுமோ?"

"கரண்டெல்லாம் போறதில்ல சிஸ்டர். நாங்கதான் ஃபிரிட்ஜப் போடுறதில்ல."

இதை ஜெசிந்தாவே படுக்கையிலிருந்து எனக்குப் போனில் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் தொடங்கினாள். அந்தப் பிள்ளை ஃபைலைக் கீழே வைத்துவிட்டுத் தன்னை ஒருமாதிரி பார்த்தது என்றாள். பிறகு, "ஏங்க, அது குளுந்து இருக்கணுமாம்ல" என்றாள்.

முட்டைக் குழிகளில் வரிசையாக நின்ற குப்பிகள் எனக்கு நினைவு வந்தன. அவற்றைப் பார்த்துச் சிரித்தவன் நான். இத்தனை மாதமும் அவள் தவறாமல் தன் தொடையில் ஏற்றிக்கொண்டது வெந்துபோன தண்ணீரைத்தான். மருந்து கெட்டதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. புண், சர்க்கரை, தாமதம் எல்லாம் சேர்ந்தது என்றார்கள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

நான் கிளம்பி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அந்த வருட லீவு முடிந்துவிட்டது, சம்பளம் இல்லாமல்தான் வர வேண்டும். "நீங்க வந்து கால ஒட்டவா போறீங்க? டிக்கெட்டுக்குக் கொடுக்குறத ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கலாம்" என்றாள். அவள் பேச்சு எப்போதும் கணக்குக்குச் சரியாக இருக்கும். நானும் சரி என்றேன். அந்தக் காசையும் மிச்சம் பிடித்துவிட்டேன். முழங்காலுக்குக் கீழே அவள் காலை எடுத்த நாளன்று நான் இங்கே குளிர் அறையில் டிகிரி எழுதிக்கொண்டிருந்தேன். மகள் போன் செய்து, "அப்பா, எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குப் பலகையில் நான் எழுதியது ஒன்றும் சரியில்லை என்று மறுநாள் சூப்பர்வைசர் காட்டினார்.

மார்கரெட் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். என் மனைவிக்குக் கால் போய்விட்டது, ஃபிரிட்ஜால் என்று சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். ஃபிரிட்ஜ் காலில் விழுந்துவிட்டதா என்று கேட்டார். நூறு யூனிட்டையும் முட்டைக் குழியையும் சொல்ல என்னிடம் இங்கிலீஷ் இல்லை. ஆமாம், விழுந்துவிட்டது என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போகும் தேவாலயத்தில் ஜெசிந்தாவுக்காக ஜெபித்தார்களாம், கனமான ஃபிரிட்ஜ்களிடமிருந்து காப்பாற்றும்படி. யாரிடம் சொல்லிச் சிரிப்பது? சிரிக்கக் கூடியவளிடம் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

வெளிநாட்டில் இருக்கும் தம்பிமார்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன், அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்று தெரிந்தே. இங்கிருந்து நாம் சாதாரணமாகக் கேட்கும் ஒரு கேள்வி அங்கே சட்டமாகிவிடுகிறது. நமக்கு அது பேச்சு. அவர்கள் அதைத் தலைமேல் வைத்து நடத்துகிறார்கள். அந்த ஃபிரிட்ஜ் ஓடியிருந்தால் வந்திருக்கும் பில், நான் துறைமுகத்துக் கடையில் இரண்டு தடவை காபி குடிக்கும் காசு. வீட்டில் ஊசி மருந்து இருந்தால் அது இருக்கும் இடத்தைத் தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள், குளிர்ந்திருக்கிறதா என்று. அவ்வளவுதான்.

இப்போது அவள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். கட்டைக்கால் போட இன்னும் சில மாதம் ஆகும். மிச்சமிருக்கும் இடது காலையாவது கண்போலப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போன வாரம் இங்கே ஒரு கடையில் உள்ளே மெத்தை வைத்த, விரல்களை மூடிக்கொள்ளும் செருப்பு ஒன்றைப் பார்த்தேன். விலையைப் பார்க்காமல் வாங்கினேன். என் வாழ்க்கையில் முதல் தடவை. வீடியோ காலில் காட்டினேன். அவள் நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒத்தக் காலுக்கு எதுக்கு ஜோடி? எடது மட்டும் அனுப்புங்க. பார்சல் பாதி எடைதான் வரும்."

நான் சிரிக்க முயன்றேன். போனை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். கட்டைக்கால் வந்தால் வேண்டியிருக்குமே என்றேன். "அப்ப நீங்க வாறப்ப கொண்டுவாங்க" என்றாள்.

தபால் ஆபீஸில் பெட்டியை மூடுவதற்கு முன்னால் கவுண்டர் பெண் உள்ளே பார்த்தாள். இன்னொன்றை மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள். மறக்கவில்லை, ஒன்றுதான் என்றேன். அவள் நம்பாமல், கவுண்டருக்கு மேலாக என் காலடியை எட்டிப் பார்த்தாள். பிறகு எடை போட்டாள்.

இடது செருப்பு இப்போது எங்கோ வழியில் போய்க்கொண்டிருக்கிறது. வலது என் அறையில் கதவுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போட்டுப்போகும் ரப்பர் பூட்ஸை ஒட்டி இருக்கிறது. காலையில் பூட்ஸை மாட்டும்போது அது கவிழ்ந்துவிடுகிறது. வேலை முடிந்து வந்ததும் அதை நிமிர்த்தி, வாசலைப் பார்க்கத் திருப்பி வைக்கிறேன்.